லாங்வுட் சோலைக்கு முதல்முறை வருகிறீர்களா? கோத்தகிரியிலிருந்து ஒரு வழிகாட்டி

நீலகிரி மாவட்டத்தின் கோத்தகிரி பேருந்து நிலையத்திலிருந்து சுமார் 3 கி.மீ. தூரத்தில் லாங்வுட் சோலை இருக்கிறது. சோலை என்று இங்கே சொல்வது உயரமான மலைகளில் இயற்கையாக வளரும் பசுமைமாறாக் காட்டை. பரப்பு 116 ஹெக்டேர். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள், ஹட்டிகள் (படகர் ஊர்கள்), புதிதாக எழும்பும் வீடுகள். நடுவில் இந்தக் காடு மட்டும் பழையபடி நிற்கிறது. 2024 ஜனவரி இறுதியில், அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயத்தோடு சேர்த்து இதையும் ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவித்தார்கள். அதிலிருந்து இதைப் பற்றி விசாரிப்பவர்கள் கூடியிருக்கிறார்கள்.

விசாரிப்பவர்களின் முதல் கேள்வி பெரும்பாலும் "அங்கே என்ன பார்க்கலாம்?" என்பதுதான். அங்கே வியூ பாயிண்ட் கிடையாது, அருவி கிடையாது, படகும் குதிரையும் கிடையாது. மெதுவாக நடக்கவும், நடப்பதைவிட அதிகமாக நிற்கவும் முடிந்தவர்களுக்கு இந்தக் காடு அள்ளிக் கொடுக்கும். ஒரே நாளில் தொட்டபெட்டா, படகு இல்லம், ரோஜாப் பூங்கா எல்லாம் முடித்துவிட்டு நடுவில் ஒரு மணி நேரம் இதையும் பார்த்துவிடலாம் என்று திட்டம் போட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இதற்கென்று ஒரு காலைப்பொழுதை முழுதாக ஒதுக்குங்கள்.

முதல் வேலை அனுமதி

இது காப்புக்காடு. பூங்காவைப் போல வாசலில் டிக்கெட் வாங்கி நுழையும் இடமில்லை. கோத்தகிரி வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, அனுமதி வாங்கிய பிறகுதான் உள்ளே போக வேண்டும். எத்தனை பேர், எந்த ஊர், எதற்காக வருகிறீர்கள், எந்த நாள் என்ற விவரங்களோடு அடையாள அட்டை நகலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலை வந்து இறங்கி, அன்றைக்கே அனுமதி கேட்பது வேலைக்கு ஆகாது. வேலைநாளில் கேட்டு வைப்பது நல்லது.

ஐந்தாறு பேருக்கு மேல் சேர்ந்து வராதீர்கள். பதினைந்து பேர் வரிசையாக நடந்தால் முன்னால் போகும் இரண்டு பேருக்குத்தான் எதாவது கண்ணில் படும். பின்னால் வருபவர்கள் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்துவிடுவார்கள். இடம் தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொள்வது, பறவைக்காக மட்டுமல்ல, காட்டெருமைக்காகவும் அவசியம். அதைப் பிறகு சொல்கிறேன்.

கோடையில் காட்டுத்தீ பயம் இருக்கும் நாட்களிலும், பெருமழை நாட்களிலும் அனுமதி மறுக்கப்படலாம். மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். வேறு பக்கமாக வேலி தாண்டி நுழையும் யோசனையும் வேண்டாம், அது சட்டப்படி குற்றம். அன்றைய பொழுது வீணாகாமல் இருக்க ஊட்டிக்குப் பக்கத்தில் வனத்துறை நடத்தும் கேர்ன்ஹில்லுக்குப் போகலாம். அங்கே சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே நடைபாதை இருக்கிறது. அது நட்டு வளர்த்த காடு, சோலை அல்ல. ஆனாலும் முதல்முறை காட்டுக்குள் நடப்பவர்களுக்கு நல்ல பயிற்சி.

எந்த மாதம், எந்த வழி

கோத்தகிரி, நீலகிரி மலையின் கிழக்குச் சரிவில் இருக்கிறது. மேற்கே கூடலூர் பக்கம் ஜூன், ஜூலையில் கொட்டும் தென்மேற்குப் பருவமழை இங்கே சாரலும் மூடுபனியுமாகக் குறைந்துவிடும். எங்களுக்குப் பெருமழை அக்டோபர், நவம்பரில்தான். 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர், கோத்தகிரி பகுதிகளில் நடந்த நிலச்சரிவுகளை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. அந்த இரண்டு மாதங்களில் வானிலை எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

டிசம்பர் முதல் மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும். வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகளும் அப்போது இங்கே இருக்கும். குளிர் கடுமை, ஜனவரி விடியற்காலையில் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். ஏப்ரல், மே மாதங்களில் உள்ளூர்ப் பறவைகள் நிறையப் பாடும், ஆனால் மலை முழுக்க வண்டியாக இருக்கும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு சுமார் 33 கி.மீ. குஞ்சப்பனை, அரவேனு வழியாக ஏற வேண்டும். அரசுப் பேருந்து நிறைய ஓடுகிறது, ஜன்னலோர இருக்கை கிடைத்தால் அதைவிட நல்ல பயணம் வேறில்லை. சொந்த வண்டியில் வருபவர்களுக்கு இரண்டு விஷயங்கள். ஒன்று, உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வர இ-பாஸ் வேண்டும். சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று கட்டுப்பாடும் வைக்கிறார்கள், ஆகவே கிளம்புவதற்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். இன்னொன்று, மே சீசனில் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப்பாதை ஆக்கிவிடுவார்கள். அப்போது நீங்கள் சுற்றிக்கொண்டுதான் கோத்தகிரி வந்து சேர வேண்டியிருக்கும். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஏறி வரும் வண்டிக்கு எப்போதும் வழிவிட வேண்டும்.

முந்தைய நாள் மாலையே கோத்தகிரி வந்து தங்குவதுதான் உத்தமம். விடுதிகள் எல்லா விலையிலும் இருக்கின்றன. காலையில் ஊரிலிருந்து ஆட்டோ பிடித்தால் சோலைப் பக்கம் இறக்கிவிடுவார்கள். திரும்பவும் வரச் சொல்லி அவருடைய எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நீலகிரி மாவட்டத்தில் தடை. சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவாருங்கள். தீர்ந்தால் நிரப்பிக்கொள்ள ஊருக்குள் குடிநீர் ஏடிஎம்கள் இருக்கின்றன.

உடை பச்சை, பழுப்பு, சாம்பல் என்று மங்கலாக இருக்கட்டும். வெள்ளைச் சட்டையும் சிவப்பு ஜெர்கினும் காட்டுக்குள் தூரத்திலேயே தெரியும். நடக்கும்போது சரசரவென்று சத்தம் போடும் மழைக்கோட்டைத் தவிர்த்து, குடை எடுத்துக்கொள்ளுங்கள். சென்ட் பூசிக்கொள்ள வேண்டாம். காலுக்குப் பிடிமானமுள்ள ஷூ, முழங்கால் வரை வரும் சாக்ஸ். ஈரமான நாட்களில் ரத்தம் உறிஞ்சும் அட்டை இருக்கும், அதற்கு ஒரு சின்னத் துணியில் உப்பைக் கட்டி வைத்துக்கொண்டால் போதும். ஒட்டிய இடத்தில் லேசாகத் தொட்டு வைத்தால் தானே விழுந்துவிடும். இழுத்துப் பிய்த்தால் புண்ணாகும்.

பைனாகுலர் இருந்தால் 8×42 அளவு (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. லென்ஸ்) இந்த மாதிரி இருட்டுக் காட்டுக்கு ஏற்றது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை, காது இருந்தால் பாதிக் காட்டைப் பார்த்துவிடலாம். சாப்பாடு வெளியே வந்த பிறகு. பையில் வாழைப்பழமோ கடலை மிட்டாயோ இருந்தால் குரங்குக்கு அது தெரிந்துவிடும்.

உள்ளே நுழைந்ததும் நில்லுங்கள்

வாசலைத் தாண்டிய பத்தடியிலேயே வெளிச்சம் குறையும். தேயிலைத் தோட்டத்தின் வெயிலில் இருந்து வந்த கண்ணுக்குப் பழக நேரம் வேண்டும். அங்கேயே பத்து நிமிடம் நில்லுங்கள். பேச வேண்டாம், போனை சைலன்ட்டில் போடுங்கள். நீங்கள் நுழைந்த சத்தத்தில் அடங்கிப்போன பறவைகள் அதற்குள் மறுபடி வாய் திறந்துவிடும்.

நிற்கும் நேரத்தில் பக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு மரத்தை மட்டும் பாருங்கள். அடிமரத்தில் பாசி; கையை மெல்ல வைத்தால் விரல் ஈரமாகும். கொஞ்சம் மேலே சாம்பல் பச்சையில் லைக்கன் (பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழும் உயிர்) திட்டுகள். அதற்கும் மேலே கிளை பிரியும் இடத்தில் மண்ணே இல்லாமல் ஒரு பெரணி, பக்கத்தில் ஒரு ஆர்க்கிட். கிளை நுனியிலிருந்து தாடி மாதிரி தொங்கும் லைக்கனைப் பார்த்தால் அங்கே காற்று சுத்தமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். மழை இல்லாத நாளிலும் இலை நுனிகளிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவதைக் கேட்பீர்கள். மூடுபனி இந்தப் பாசியிலும் இலையிலும் படிந்து, நீராகி, கீழே இறங்குகிறது. காலடியில் ஒரு குச்சியை வைத்து அழுத்திப் பாருங்கள், மெத்தென்று உள்ளே போகும். மட்கிய இலைகளால் ஆன அந்த மண் பஞ்சு மாதிரி நீரைக் குடித்து வைத்துக்கொண்டு, மழை நின்று பல வாரங்கள் ஆன பிறகும் ஓடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கிறது. கீழே இருக்கும் ஊர்கள் இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன. காட்டை எப்படி ஈரநிலம் என்று அறிவித்தார்கள் என்று கேட்பவர்களுக்கு இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

அந்த மண்ணை மிதித்து இறுக்கிவிட்டால் மழைநீர் உள்ளே இறங்காமல் மேலோடு வழிந்து போய்விடும். அதனால்தான் பாதையை விட்டு இறங்க வேண்டாம் என்று இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறோம். ஓடைப் பக்கம் மரப்பெரணி நிற்கும். குடை விரித்தது போலிருக்கும் அதன் அடியில் நின்று போட்டோ எடுக்க எல்லோருக்கும் ஆசை வரும். பாதையிலிருந்தே எடுங்கள்.

சோலை மரங்கள் உயரம் குறைவு; பெரும்பாலும் 15 மீட்டருக்குள் அடங்கிவிடும். உச்சிகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கூரை போட்டிருக்கும். இலைகள் சின்னதாக, தடித்து, தோல் மாதிரி இருக்கும். நாவல் குடும்பத்து மரங்கள், காட்டுச் செண்பகம், லவங்க இனங்கள், அடியில் குறிஞ்சிச் செடியின் உறவினங்கள் என்று பல தரப்பட்டவை. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை மலையை நீலமாக்கும் குறிஞ்சி புல்வெளியில் வளர்வது. 2018இல் பூத்தது, அடுத்து 2030இல் பூக்கும். அதை இங்கே தேட வேண்டாம். புதுத் தளிர் விடும் காலத்தில் காட்டின் கூரை செம்பும் இளஞ்சிவப்புமாக மாறும், பூக்களை விட அதுதான் எனக்குப் பிடித்தது.

பாதையோரத்தில் பல்வெட்டு இலையும் மெல்லிய முள்மயிருமாக நிற்கும் செந்தட்டியைக் கண்டுகொள்ளப் பழகுங்கள். தெரியாமல் கை பட்டால் எரிச்சல் நெடுநேரம் விடாது. சொறியாமல், தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

காட்டின் ஓரத்தில் நிற்கும் சீகை (வாட்டில்), கற்பூர மரம் (யூக்கலிப்டஸ்), ஆரஞ்சுப் பூக்கொத்தோடு படர்ந்திருக்கும் செஸ்ட்ரம், உண்ணிச்செடி எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. பார்க்கப் பசுமையாகத்தான் இருக்கும். ஆனால் சோலைக் கன்றுகள் நிழலில் நிதானமாக வளர்பவை. இவை வெளிச்சத்தை முந்திக்கொண்டு பிடித்துவிட்டால் அந்தக் கன்றுகளுக்கு இடமில்லாமல் போய்விடும். வெட்டவெளியில் பனி உறையும் இரவுகளைச் சோலைக் கன்று தாங்காது. அதனால் ஒருமுறை அழிந்த சோலை மறுபடி தானாக வருவது மிக மிகக் கடினம். வெளியே போனதும் தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த விளிம்பை ஒருமுறை நின்று பாருங்கள்.

எதைக் கேட்பது, எதைப் பார்ப்பது

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரிய 26 பறவை இனங்களில் 14 இங்கே இருக்கின்றன. இவ்வளவு சின்னக் காட்டுக்கு இது பெரிய விஷயம். புதிதாக வருபவர்கள் ஐந்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

முதலில் காதில் விழுவது நீலகிரி சிரிப்பான். நாலைந்து பேர் சேர்ந்து உரக்கச் சிரிப்பது போல ஒரு புதருக்குள்ளிருந்து கிளம்பும். தவிட்டுப் பழமும் காட்டு முள்பழங்களும் இதற்குப் பிரியம், ஆகவே காட்டின் ஓரத்துப் பழச்செடிகளைக் கவனியுங்கள். ஓடைப் பக்கம் யாரோ ஒருவர் பாட்டு நினைவு வராமல் சீட்டியடிப்பது போல் கேட்டால் அது சீகாரப் பூங்குருவி. விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும்.

அடர்ந்த நிழலில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் பளிச்சென்று கறுப்பும் ஆரஞ்சும் தெரிந்தால் அது கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான். மனிதரைக் கண்டு அவ்வளவாகப் பயப்படாது. நீங்கள் அசையாமல் இருந்தால் பக்கத்துக் குச்சிக்கே வந்து உட்காரும். நீலகிரி நீல ராபின் அதே நிழலில்தான் இருக்கும், ஆனால் கூச்சம் அதிகம். நீல உடம்பும் கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடும் ஒரு நொடி தெரிந்தாலே அதிர்ஷ்டம். மேலே கூரையில் இருந்து கனமான சிறகடிப்புக் கேட்டால் அண்ணாந்து பாருங்கள், கழுத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட நீலகிரி காட்டுப்புறாவாக இருக்கலாம். பழத்தை முழுசாக விழுங்கி, கொட்டையை வேறெங்கோ கொண்டுபோய்ப் போடுவது அதுதான். இந்தக் காட்டில் பல மரங்களை நட்டது இந்தப் புறா என்றே சொல்லலாம்.

சிரிப்பானும் நீல ராபினும் அழியும் ஆபத்தில் இருப்பவை. கொடைக்கானலில் பார்த்தவைதானே என்று நினைத்துவிடாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, பழனி மலையில் இருப்பவை தனி இனங்கள். இடையில் இருக்கும் சமவெளி வெயிலைக் கடக்க முடியாமல் இரண்டு பக்கமும் பிரிந்தே வாழ்ந்து, வேறு வேறாகிவிட்டன.

காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் காடு திடீரென்று அமைதியாகிவிடும். இதோடு முடிந்தது என்று பலர் அப்போது திரும்பிவிடுகிறார்கள். ஒரு நல்ல திருப்பத்தில் உட்கார்ந்து இன்னும் அரைமணி காத்திருங்கள். சாம்பல்தலை ஈப்பிடிப்பானின் கூர்மையான சிறு கத்தல் முதலில் வரும். அதன் பின்னாலேயே வெள்ளைக்கண்ணிகள், பட்டாணிக்குருவிகள், மரத்தில் தலைகீழாக இறங்கும் நீலக் குருவிகள் எல்லாம் ஒரே கூட்டமாக வந்து சேரும். ஒன்று கிளையைக் கலைக்க, பறக்கும் பூச்சியை இன்னொன்று பிடிக்கும். உங்கள் தலைக்கு மேல் ஐந்து நிமிடம் எல்லாம் அசையும், பிறகு அப்படியே நகர்ந்து போய்விடும். பின்னாலேயே ஓடாதீர்கள்.

போனில் பறவைக் குரலைப் போட்டு வரவழைப்பது வேண்டவே வேண்டாம். தன் இடத்துக்கு எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து, ஆண் பறவை கூட்டையும் இரையையும் விட்டுவிட்டு வந்து கத்தும். ஒரு போட்டோவுக்காக அந்தச் சிரமத்தைக் கொடுக்கக் கூடாது.

காட்டெருமை

இதைக் கவனமாகப் படியுங்கள். கோத்தகிரியில் காட்டெருமையைப் பார்க்கக் காட்டுக்குள் போக வேண்டியதே இல்லை. தேயிலைத் தோட்டத்தில், சாலையில், வீட்டு வாசலில் நிற்கும். காட்டு மாடு என்றும் சொல்வோம். பழகியது போல் சாதுவாக மேயும். அதைப் பார்த்துத்தான் வெளியூர்க்காரர்கள் பக்கத்தில் போய் செல்ஃபி எடுக்கிறார்கள். ஒரு டன் எடைவரை வளரும் மிருகம் அது. திரும்பிப் பாய எடுக்கும் நேரம் மிகக் குறைவு.

பாதையில் நின்றால் நீங்களும் நின்றுவிடுங்கள். ஒரு பேருந்து நீளத்தைப் போல மூன்று மடங்கு தூரமாவது இருக்கட்டும். முகத்தை அதன் பக்கமே வைத்துக்கொண்டு, மெல்லப் பின்வாங்குங்கள். ஓட வேண்டாம், கத்த வேண்டாம், கல்லெறிய வேண்டாம். மூக்கால் புஸ்ஸென்று ஊதினாலோ, தலையைத் தாழ்த்தி உடம்பைப் பக்கவாட்டில் காட்டினாலோ, இன்னும் விலகிப் போ என்று அர்த்தம். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் ஒருபோதும் போகாதீர்கள். கூட்டத்தை விடத் தனியாக நிற்கும் கிழ ஆண்தான் ஆபத்து. அது நகரவில்லையென்றால் அன்றைக்கு அந்தப் பாதை அதனுடையது, திரும்பிவிடுங்கள். உள்ளூர் ஆள் கூட இருந்தால் இந்த முடிவை அவரிடம் விட்டுவிடலாம், வாசனையிலேயே சொல்லிவிடுவார்.

கரடியும் சிறுத்தையும் இந்தப் பக்கம் உண்டு. இரண்டுமே மாலை மங்கிய பிறகு நடமாடுபவை. ஆகவே விடிவதற்கு முன்பும் இருட்டிய பிறகும் தோட்டப் பாதைகளில் நடக்காதீர்கள், விடுதியிலிருந்து கடைக்குப் போவதென்றாலும் டார்ச்சோடு, துணையோடு போங்கள்.

குழந்தைகளோடு வருபவர்கள்

தாராளமாகக் கூட்டி வரலாம். சும்மா இரு, சத்தம் போடாதே என்று சொல்லிக்கொண்டே வந்தால் அவர்களுக்கு வெறுத்துவிடும். ஆளுக்கொரு வேலை கொடுங்கள்: ஒருவர் எத்தனை விதமான பாசி என்று எண்ணட்டும், இன்னொருவர் கீழே விழுந்த பழங்களில் எதை யார் கடித்திருக்கிறார்கள் என்று பார்க்கட்டும். பார்த்ததை அங்கேயே வைத்துவிட வேண்டும். ஆர்க்கிட், காளான், இறகு, விதை எதையும் பையில் போடக் கூடாது. நடக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் வயதுப் பிள்ளைகளுக்கு குன்னூர் சிம்ஸ் பூங்காதான் பொருத்தம்.

வெளியே வந்த பிறகு

ஷூவைக் கழற்றி உதறுங்கள். விரலிடுக்கு, முழங்கால் பின்புறம் எல்லாம் அட்டையும் உண்ணியும் இருக்கிறதா என்று பாருங்கள். ஷூ அடியில் ஒட்டிய மண்ணைக் காட்டோரத்திலேயே தட்டிவிடுங்கள். அடுத்த காட்டுக்குக் களை விதையைச் சுமந்து போகும் பழக்கம் நம் செருப்புக்கு உண்டு. அப்புறம் கோத்தகிரி பேக்கரியில் ஒரு டீயும் நாலு வர்க்கி பிஸ்கட்டும். பார்த்த பறவைகளை அங்கே உட்கார்ந்தே எழுதிவிடுங்கள், மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் பாதி மறந்துவிடும்.

நேரம் மிச்சமிருந்தால் பக்கத்தில் கன்னேரிமுக்கில், அன்றைய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் கட்டிய வீடு இருக்கிறது. இப்போது நீலகிரி வரலாற்றுக் காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ஊட்டி உருவாவதற்கு முன்பே அவர் குடியேறிய இடம் அது. அங்குள்ள பழைய படங்களைப் பார்த்தால், இந்த மலையில் தேயிலை வருவதற்கு முன்னால் புல்வெளியும் சோலையும் எப்படி இருந்திருக்கும் என்று ஓரளவு பிடிபடும்.

இரண்டாவது முறை வருவதாக இருந்தால் வேறு பருவத்தில் வாருங்கள். ஜனவரியில் வந்தவர்கள் ஜூலை மூடுபனியில் வந்தால், வலசைப் பறவைகள் இருக்காது, ஆனால் ஆர்க்கிட்டும் காளானும் ஓடைச் சத்தமும் அதிகமாக இருக்கும். அனுமதியை மட்டும் மறுபடி புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள், பழையது செல்லாது.